கழுகு டிசைன்

பங்க் ராக் 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் உருவான இசை. பாட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கிதாரில் மூன்று கார்டு தெரிந்தால் போதும். பாடுபவருக்குக் குரல்வளம் கட்டாயமில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ராக் இசை பெரிய மைதானங்களுக்கும் முடிவில்லாத கிதார் ஆலாபனைகளுக்கும் போய்விட்டிருந்தது. வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே விழுந்த அந்த இடைவெளியைக் குறைக்க வந்தது பங்க். நியூயார்க்கின் பவரி தெருவில் ஹில்லி கிரிஸ்டல் 1973 டிசம்பரில் திறந்த சிபிஜிபி என்ற மதுக்கூடம் அதற்கு முதல் மேடைகளில் ஒன்றாக அமைந்தது. குவீன்ஸ் பகுதி இளைஞர்கள் நால்வர் 1974-ல் ரமோன்ஸ் என்ற பெயரில் அங்கே வாசிக்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் இசைத்தட்டு 1976 ஏப்ரலில் வந்தது.

இந்த இசை இன்றும் உண்மையாக இருக்கிறதா, கடைச்சரக்காகிவிட்டதா என்ற கேள்வி அரை நூற்றாண்டாகக் கேட்கப்பட்டு வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் பாட்டைக் கொண்டு விடை தேடுகிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பாட்டைப் போலவே துணியிலும் சாட்சியம் கிடைக்கிறது. அந்தத் துணி வெட்டித் தைத்து அச்சடிக்கப்படும் ஊர்களில் ஒன்று திருப்பூர்.

லண்டனில் கதை தொடங்குவதே ஒரு துணிக்கடையில்தான். கிங்ஸ் ரோட்டில் 430-ஆம் எண் கடையை மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்தினார்கள். அந்தக் கடையில் சனிக்கிழமைகளில் வேலை பார்த்த கிளென் மாட்லாக்கும் அங்கே சுற்றிக்கொண்டிருந்த வேறு சிலரும் சேர்ந்ததுதான் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு. பாடகராக ஜான் லைடன் 1975-ல் கண்ணில் பட்டதற்கும் ஒரு சட்டையே காரணம்: பிங்க் ஃபிளாய்ட் பெயர் அச்சிட்ட டி-சட்டையில் அந்தப் பெயருக்கு மேலே ‘எனக்குப் பிடிக்காது’ என்ற பொருளில் கையால் கிறுக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். குழுவுக்கு மேலாளர் ஆன மெக்லாரனுக்கு அந்த இசை கடையின் விளம்பரமாகவும் இருந்தது. அவர் அதை ஒளித்ததில்லை.

நியூயார்க்கிலும் இதே கதைதான், கொஞ்சம் ஏழ்மையாக. மெக்சிகோவில் பிறந்த ஓவியர் ஆர்ட்டூரோ வேகா ரமோன்ஸின் மேடை விளக்குகளைப் பார்த்துக்கொண்டார். அமெரிக்க அதிபரின் முத்திரையை எடுத்து அவர்களுக்காகத் திருத்தி வரைந்தார். அதிபரின் கழுகு ஒரு காலில் ஒலிவக் கிளையையும் மறுகாலில் அம்புகளையும் பிடித்திருக்கும். வேகாவின் கழுகு ஆப்பிள் கிளையையும் பேஸ்பால் மட்டையையும் பிடித்திருந்தது. சுற்றிலும் வட்டமாக நால்வரின் பெயர். இந்தச் சின்னத்தை டி-சட்டையில் அச்சிட்டு, கச்சேரி நடக்கும் இடத்தில் அவரே விற்றார். இசைத்தட்டுகள் விற்காத காலத்தில் குழுவின் பயணச் செலவுக்கு அந்தச் சட்டைக் காசு கைகொடுத்தது. ஆக, தூய்மையாகப் பிறந்த பங்க் பிறகு கெட்டுப்போய்க் கடைக்கு வந்தது என்ற கதை வரலாற்றோடு பொருந்துவதில்லை. அது கடையில் பிறந்தது. யாருடைய கடை, விலையை யார் வைத்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டியது.

அந்தக் கேள்வியை 1977 ஜனவரி மாதம் கூர்மையாக்கிற்று. அந்த மாதம் தி கிளாஷ் என்ற லண்டன் குழு சிபிஎஸ் நிறுவனத்தோடு ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. ‘ஸ்னிஃபின் குளூ’ என்ற நகலச்சு இதழை நடத்திய மார்க் பெர்ரி, பங்க் அன்றே செத்துவிட்டது என்று அறிவித்தார். பெரும்பாலான ஊர்களுக்கு பங்க் என்ற சொல்லே எட்டியிராத நேரத்தில் முதல் இரங்கல் வாசிக்கப்பட்டுவிட்டது. அதே மாதக் கடைசியில் மான்செஸ்டரில் பஸ்காக்ஸ் குழு தெரிந்தவர்களிடம் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கிப் பதிவுசெய்திருந்த நான்கு பாட்டுகளை 1,000 தட்டுகளாகத் தாங்களே போட்டு விற்றது. கடன் அடைந்தது, தட்டு மறுபடி மறுபடி அச்சாயிற்று. அதைப் பார்த்து இங்கிலாந்தின் சிறு நகரங்களில் சொந்தத் தட்டு நிறுவனங்கள் முளைத்தன. ஒரே மாதத்தில் திறந்த இந்த இரண்டு வழிகளும் பிறகு ஒன்று சேரவும் இல்லை, ஒன்றையொன்று அழித்துவிடவும் இல்லை.

கடன் வாங்கித் தானே தொழிலில் இறங்குவது திருப்பூருக்குப் புதிதல்ல. 1920-களிலிருந்து பனியன் பின்னிய இந்த ஊரில், கட்டிங் மாஸ்டராகவோ சிங்கர் டெய்லராகவோ வேலை கற்றவர் நாலு மெஷினைப் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து, பத்தாண்டில் கம்பெனி முதலாளி ஆன கதைகள் தெருவுக்குத் தெரு கிடைக்கும். 1990-களில் இங்கே தங்கி ஆய்வு செய்த ஷரத் சாரி தன் நூலில் இந்தத் தொழிலாளி–முதலாளி மாற்றத்தையே மையமாக வைத்தார். மூன்று கார்டு தெரிந்தால் குழு தொடங்கு என்று லண்டன் பையன்களுக்குச் சொல்லப்பட்டதும் இதுவும் ஒரே காலத்தவை என்பது தற்செயல்தான். ஆனாலும் ஒரு ஒற்றுமை உண்டு. உழைப்பால் மேலே வந்தவர் மேலே வந்த பிறகு யாராக இருக்கிறார் என்ற சங்கடமான கேள்வி இரண்டு இடத்திலும் எழுந்தது. திருப்பூரில் அதற்கு விடை 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தமாக வந்தது. நேற்று வரை பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைத்தவர் இன்று கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

ஏற்றுமதியின் தொடக்கமாக ஊரில் சொல்லப்படுவது 1978. இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் மும்பை வியாபாரிகளின் வழியாகத் திருப்பூரை வந்தடைந்து வெள்ளை டி-சட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். 1980-களின் தொடக்கத்தில் சி அண்டு ஏ போன்ற ஐரோப்பியச் சங்கிலிக் கடைகள் வந்தன. 1985-ல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி இப்போது ஆண்டுக்கு 30,000 கோடியைத் தாண்டிவிட்டது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990-லும், திருப்பூர் மாவட்டம் 2009-லும் உருவாயின. எச் அண்டு எம், பிரைமார்க், வால்மார்ட் என உலகத்தின் பெரிய கடைகள் இங்கிருந்து வாங்குகின்றன. இந்தக் கடைகளில் இசைக்குழு டி-சட்டை தனி ரகமானது 2000-க்குப் பிறகு. குழுவின் பெயருக்கும் சின்னத்துக்கும் உரிமை வைத்திருப்பவரிடமிருந்து உரிமம் வாங்கும் ஏஜென்சி, அதனிடமிருந்து கடை, கடையிலிருந்து பையிங் ஆபீஸ், அங்கிருந்து ஏற்றுமதியாளர், ஏற்றுமதியாளரிடமிருந்து பிரிண்டிங் பட்டறை என்று வேலை படி இறங்கி வரும். ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு கழிந்து, பட்டறைக்கு வரும்போது மிஞ்சியிருப்பது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற ரேட்டு மட்டும்.

அப்படி ஒரு பட்டறையில் இளமைக்காலத்தின் சில ஆண்டுகளைக் கழித்தவர் இதை எழுதுபவர். அங்கே யாருக்கும் ரமோன்ஸ் தெரியாது. ஆர்டருக்கு ஒரு ஸ்டைல் நம்பர் இருந்தது. ஆனால் நம்பரை யாரும் வாயால் சொன்னதில்லை. வட்டத்துக்குள் கழுகு இருந்ததால் அது கழுகு டிசைன். துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய எழுத்துகளோடு வந்த செக்ஸ் பிஸ்டல்ஸ் படத்துக்குப் பெயர் பேப்பர் எழுத்து. கறுப்புத் துணியில் வெள்ளைக் கோடுகள் மலை மலையாக ஏறி இறங்கும் இன்னொன்று ஈசிஜி. அந்தக் கடைசிப் படம் உண்மையில் பல்சர் என்ற விண்மீன் அனுப்பும் ரேடியோ துடிப்புகளின் வரைபடம். ஒரு ஆராய்ச்சி மாணவரின் ஆய்வேட்டுக்காக வரையப்பட்டது, வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் கையால் 1979-ல் ஜாய் டிவிஷன் குழுவின் இசைத்தட்டு உறைக்கு வந்து சேர்ந்தது. துடிப்பின் பதிவு என்ற அளவில் பட்டறைக்காரர்கள் வைத்த பெயர் அவ்வளவு தப்பில்லை.

டேபிள் பிரிண்டிங் நடக்கும் விதம் இது. நீளமான மேசையின் மேல் பசை தடவி, வெட்டிய முன்பக்கத் துண்டுகளை வரிசையாக ஒட்டுவார்கள். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். இரண்டு பேர் மேசைக்கு இரு பக்கமும் நின்று ஸ்கிரீனைத் துண்டுக்குத் துண்டு நகர்த்தி, சாயக் கலவையை ரப்பர் கட்டையால் இழுப்பார்கள். கறுப்புத் துணியில் வெள்ளை நிற்க வேண்டுமென்றால் ஒரு இழுப்பு போதாது. கனமான வெள்ளையை இரண்டு முறை ஏற்ற வேண்டும், முதல் பூச்சு காய்ந்த பிறகு. கழுகின் இறகுகள் மெல்லிய கோடுகள். கலவை கொஞ்சம் இறுகினாலும் ஸ்கிரீனின் கண் அடைத்து ஒரு இறகு காணாமல் போகும். அதனால் கழுகு டிசைனுக்கு அனுபவக்காரர்களைத்தான் நிறுத்துவார்கள். ஓவல் மெஷின்கள் பெருகிய பிறகு இந்தக் கைவேலை குறைந்தது. சிறிய ஆர்டருக்கும் அவசர ஆர்டருக்கும் மேசை இன்னும் இருக்கிறது.

மொத்த ஆர்டருக்கு முன்னால் ஸ்ட்ரைக் ஆஃப் என்ற மாதிரி அச்சு பையருக்குப் போய் ஒப்புதல் வாங்க வேண்டும். இந்த ரகச் சட்டைகளில் ஒப்புதல் கிடைக்காமல் மாதிரி திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: அச்சு ரொம்பப் புதிதாக இருக்கிறது. பையர் கேட்பது முப்பது வருஷம் துவைத்துக் கிழிந்த தோற்றம். அதற்கென்று கிராக் பிரிண்ட் உண்டு. காய்ந்து சூடு பட்டதும் தானே வெடிக்கும் பேஸ்ட் அது. பூச்சின் கனமும் சூடும் மாறினால் வெடிப்பின் அளவும் மாறும். தைத்து முடித்த சட்டையை என்சைம் வாஷுக்கு அனுப்பினால், பருத்தியின் மேல் நூலிழையை என்சைம் தின்று, துணி பழைய துணி மாதிரி மெத்தென்று ஆகிவிடும். இதே பட்டறையில் பக்கத்து மேசையில் ஓடும் குழந்தைச் சட்டையின் அச்சு ஐந்து துவையலுக்கு முன் ஒரு மயிரிழை வெடித்தாலும் மொத்த லாட்டும் ரிஜெக்ட். இந்த மேசையில் வெடிக்காவிட்டால் ரிஜெக்ட். புதிதாக வேலைக்கு வந்த பையன்களுக்கு இதைப் புரியவைப்பது சிரமம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறும்போது எச்சில் இலையைத் தேடி எடுத்துப் போடச் சொல்வது போல இருக்கும்.

கிழிசலுக்கும் இதே கதி. செக்கிங் பெண்கள் ஒரு பீஸை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும் வேகம் நம்ப முடியாதது. ஊசி முனை ஓட்டை, நூல் விட்ட இடம், எண்ணெய்க் கறை எதுவும் தப்பாது. ஸ்டிக்கர் ஒட்டி டேமேஜ் பெட்டிக்குப் போகும். பங்க் ரகத்தில் சில ஸ்டைல்களுக்குக் கழுத்துப் பட்டையில் கிழிசல் கேட்டு வந்தது. அந்தக் கிழிசலுக்கும் அளவு இருந்தது: எங்கே, எத்தனை சென்டிமீட்டர், எவ்வளவு பிசிர். அளவு தப்பிய கிழிசல் டேமேஜ். 1976-ல் லண்டனில் சட்டையைக் கிழித்து ஊக்கு குத்திப் போட்டவர்களில் பலர் வேறு சட்டை வாங்கக் காசில்லாமல் போட்டார்கள், சிலர் அப்படித் தெரிய வேண்டும் என்று போட்டார்கள். பையர் அனுப்பும் டெக் பேக் என்ற அளவுக் குறிப்பு இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஊக்கு விஷயம் இன்னும் சுவாரசியமானது. பங்க் என்றாலே சேஃப்டி பின்தான் அடையாளம். ஏற்றுமதி கம்பெனியின் தையல் தளத்தில் தடை செய்யப்பட்ட பொருள்களில் முதலிடமும் அதற்குத்தான். மெஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து ரெஜிஸ்டரில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தால் அந்தச் சுற்றுவட்டத்திலுள்ள பீஸ்கள் அத்தனையும் உலோகம் கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் போய் வர வேண்டும். துணியில் ஊக்கு குத்தி நம்பர் சீட்டு மாட்டிய பெண்ணுக்குச் சூப்பர்வைசரிடம் ஏச்சு விழுவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே கடைக்குப் போகும் பங்க் சட்டையில் ஊக்கு இருக்காது. ஊக்கின் படம் இருக்கும், அச்சில்.

சட்டை கறுப்பாக இருந்தாக வேண்டும் என்பதற்கு ஒரு விலை உண்டு. அதை வாங்கியவர் கொடுக்கவில்லை. பருத்தியில் ஆழ்ந்த கறுப்பு ஏற, வெளிர் நிறங்களுக்குப் போடுவதைவிடப் பல மடங்கு சாயம் போட வேண்டும், அந்தச் சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்க லிட்டருக்குப் பத்துக் கணக்கான கிராம் உப்பும் போட வேண்டும். ஒட்டாத சாயமும் மொத்த உப்பும் கழிவுத் தண்ணீரோடு வெளியே வரும். அது நொய்யல் ஆற்றுக்குப் போயிற்று. பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவின் தேக்கமாக மாறியது. அணைக்குக் கீழே தென்னையும் மஞ்சளும் போட்டிருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நடந்து திரும்பி, 2011 ஜனவரிக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்று நிபந்தனை. அந்த மாதங்களில் துணி சாயத்துக்காக வேறு மாவட்டங்களுக்கும் வேறு மாநிலங்களுக்கும் லாரியில் போய் வந்தது. பங்க் உண்மையா போலியா என்று பக்கம் பக்கமாக எழுதிய எத்தனையோ பேர் அந்தக் கறுப்பு எங்கே தோய்த்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மிஞ்சிய சட்டைகள் காதர்பேட்டைக்கு வரும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சர்ப்ளஸ், செகண்ட்ஸ் சரக்கு கிலோவுக்கும் பீஸுக்கும் விற்கும் கடைத்தெரு அது. லேபிளை வெட்டி எடுத்திருப்பார்கள். சிலசமயம் பாதி லேபிள் நிற்கும். ஒரு இறகு குறைந்த கழுகும், வெடிக்க வேண்டிய அளவைவிடக் கூட வெடித்த கழுகும் அங்கே குவியலாகக் கிடக்கும். கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வரும் வியாபாரிகள் மூட்டையாக அள்ளிப் போவார்கள். அந்தச் சட்டைகள் பேருந்து கிளீனர், டீக்கடைப் பையன், கபடி ஆடும் பள்ளிப் பிள்ளை மேல் ஏறின. அவிநாசி, பல்லடம் பக்கத்து ஊர்களில் வெயிலுக்காகச் சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டு நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களில் ஒருவர் செக்ஸ் பிஸ்டல்ஸ் சட்டை போட்டு மண்வெட்டி பிடித்து நின்றதும் இதை எழுதுபவர் கண்ட காட்சி. இங்கிலாந்து அரசியைக் கேலி செய்து ஜேமி ரீட் 1977-ல் வரைந்த படம் அது. போட்டிருந்தவர் பாட்டைக் கேட்டவரல்ல, கேட்டதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. போலி என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் அவரைச் சொல்ல முடியாது.

மேலை நாட்டில் சண்டையே இதைப் பற்றித்தான். ரமோன்ஸ் சட்டை போட்ட ஒருவரை நிறுத்தி மூன்று பாட்டுச் சொல் பார்ப்போம் என்று மடக்குவது அங்கே பழைய விளையாட்டு. அந்தக் குழுவின் முதல் இசைத்தட்டு அமெரிக்காவில் 5 லட்சம் பிரதி விற்றதற்கான தங்கச் சான்றிதழ் பெற்றது 2014-ல், வெளியாகி 38 ஆண்டுக்குப் பிறகு. குழுவின் நால்வரில் ஜோயி 2001-லும், டீ டீ 2002-லும், ஜானி 2004-லும், டாமி 2014 ஜூலையிலும் இறந்தார்கள். சின்னத்தை வரைந்த வேகா 2013-ல் போனார். சட்டை மட்டும் நிற்காமல் ஓடுகிறது. சிபிஜிபி 2006-ல் மூடப்பட்டு, 2008-ல் அதே இடத்தில் விலை உயர்ந்த ஆடைக்கடை வந்தது. டிஸ்னி 2012-ல் ஜாய் டிவிஷனின் கோடுகளை மிக்கி மவுஸ் வடிவத்தில் மடித்துச் சட்டை போட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. 2013-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பங்க் உடைகளைக் காட்சிக்கு வைத்தது. 2015-ல் செக்ஸ் பிஸ்டல்ஸ் படத்தோடு வர்ஜின் மணி கடன் அட்டை வெளியிட்டது. இதெல்லாம் பொறுக்காமல் மெக்லாரன்–வெஸ்ட்வுட் மகன் ஜோ கோரே 2016 நவம்பரில் 50 லட்சம் பவுண்டு பெறும் என்று சொல்லப்பட்ட பங்க் பழம்பொருள்களைத் தேம்ஸ் நதிப் படகில் வைத்துக் கொளுத்தினார். தீயின் பின்னால் கேமராக்கள் நிறைய இருந்தன. தந்தையின் விளம்பரக் கலை மகனிடம் வீணாகவில்லை.

விற்க மறுத்தவர்களும் இருந்தார்கள், அவர்களை மறந்துவிட்டு இந்த வரலாற்றை முடிக்க முடியாது. இங்கிலாந்தின் எசெக்ஸில் ஒரு பழைய பண்ணைவீட்டில் கூட்டாக வாழ்ந்த கிராஸ் குழு தன் தட்டு உறைகளிலேயே அதிகபட்ச விலையை அச்சிட்டது, கடைக்காரர் கூட்டி விற்க முடியாதபடி. வாஷிங்டனில் 1987-ல் தொடங்கிய ஃபுகாஸி நுழைவுச்சீட்டை 5 டாலர் அளவிலேயே வைத்தது, எந்த வயதினரையும் உள்ளே விட்டது, டி-சட்டை விற்கவே மாட்டோம் என்றது. உடனே ஒருவர் ‘இது ஃபுகாஸி டி-சட்டை அல்ல’ என்று எழுதிய சட்டையை அடித்து விற்க ஆரம்பித்தார். கலிபோர்னியாவின் பெர்க்லியில் 924 கில்மன் தெரு மன்றம், பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட குழுக்களுக்கு மேடை இல்லை என்று விதி வைத்தது. அங்கே வளர்ந்த கிரீன் டே 1994-ல் பெரிய நிறுவனத்தின் வழியாகக் கோடி பிரதி விற்கும் தட்டைக் கொண்டு வந்தபோது அந்தக் கதவு அதற்கு மூடியிருந்தது. இவர்களுடைய பிடிவாதத்தில் கொஞ்சம் மடத்தனமும் உண்டு. ஆனால் விலையையும் கதவையும் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள் என்பதால் இவர்களுடைய பங்க் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இசையின் உயிர்ப்புக்கு இன்னொரு அளவுகோல் அதிகாரத்தின் பதற்றம். 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் ஒரு கச்சேரியில் அறுபதுக்கும் மேற்பட்ட பங்க் இளைஞர்களைக் காவல்துறை பிடித்து, மொட்டையடித்து, ஏரியில் முக்கிக் குளிப்பாட்டி, பயிற்சி முகாமில் அடைத்தது. மாஸ்கோ தேவாலயத்தில் 2012-ல் ஒரு நிமிடம் பாடிய புஸ்ஸி ரயட் பெண்களுக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். 2025 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் சுகதானி என்ற இருவர் குழு, காவலர் லஞ்சத்தைப் பாடிய பாட்டுக்காக மன்னிப்புக் கேட்டு வீடியோ வெளியிட நேர்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டு ஊர்வலங்களில் இன்னும் பலமாக ஒலித்தது. கடன் அட்டையில் ஏறிய இசைதான் இதுவும்.

இந்தியாவில் பங்க் சில குழுக்களோடு நின்றது. தமிழில் அந்தப் பெயரில் எதுவும் வேர்விடவில்லை, வேலை மட்டும் வேறு பெயர்களில் நடந்தது. மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன் பறையோடு தெருவில் பாடியவர். டாஸ்மாக் கடைகளை மூடச் சொன்ன பாட்டுக்காக 2015 அக்டோபர் 30 அன்று தேசத்துரோக வழக்கில் திருச்சியில் கைதானார். அவருடைய அமைப்பின் கேசட்டுகள் திருப்பூரில் தொழிற்சங்கக் கூட்டத்தின் ஓரத்தில் துண்டு விரித்து விற்கப்பட்டவை. எந்தக் கடைச் சங்கிலியும் அதைக் கேட்டு வரவில்லை. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் முறை மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராக்கையும் ராப்பையும் சேர்த்தது, பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் அதன் பின்னால் இருந்தார்கள். அதில் பாடிய அறிவு, பாடகி தீயோடு சேர்ந்து 2021 மார்ச்சில் வெளியிட்ட ‘எஞ்ஜாயி எஞ்சாமி’ யூடியூபில் கோடிக்கணக்கில் ஓடியது. அதே ஆண்டு ஒரு இசை இதழின் அட்டையில் அறிவின் முகம் விடுபட்டதும், 2022-ல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு மேடையேறியதும் பெரிய விவாதமாயின. 2024-ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் அந்தப் பாட்டிலிருந்து தனக்கு ஒரு பைசா வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அறிவின் பாட்டி இலங்கையில் தோட்டத் தொழிலாளியாக உழைத்தவர், அவர் நினைவில் பிறந்த பாட்டு அது. கிங்ஸ் ரோட்டு விவாதத்தைவிடத் தமிழ் வாசகருக்கு இது நெருக்கமான பாடம்: பாட்டு உண்மையாகவே இருக்கலாம், கணக்குப் புத்தகம் வேறொருவரிடம் இருக்கும்.

திருப்பூரில் இப்போது தொழிலின் அடிப்படை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஒரு ஸ்கிரீன் செய்யும் செலவு ஈடாக வேண்டுமென்றால் முன்பு ஆயிரக்கணக்கில் பீஸ் அடிக்க வேண்டும். குறைந்தபட்ச ஆர்டர் அளவு என்று ஒன்று உண்டு, அதற்குக் கீழே பேச்சே கிடையாது. டிடிஎஃப் மெஷின் வந்த பிறகு பிலிமில் அச்சடித்துச் சூட்டில் துணிக்கு மாற்றிவிடலாம், ஒரு பீஸ் கூட. இன்ஸ்டாகிராமில் கணக்கு வைத்துக்கொண்டு ஒற்றை அறையில் இந்த மெஷினைப் போட்ட இளைஞர்கள் ஊருக்குள் நிறையப் பேர். பெங்களூரிலோ கொச்சியிலோ உள்ள ஒரு கல்லூரிக் குழு ஐம்பது சட்டை அடித்துக் கச்சேரி வாசலில் தானே விற்க இப்போது வழியிருக்கிறது. வேகா 1970-களில் செய்ததும் இந்த அளவு வேலைதான். அதே அறையில் அதே மெஷினில் உரிமம் இல்லாத கழுகும் அடிக்கப்படுகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது பெரிய ஆர்டர்கள் நின்று, சில தளங்களில் ஷிப்டு குறைந்தது. வேலை குறைந்த டெய்லர்களில் சிலர் இந்தச் சிறு அறைகளுக்குத் தைத்துக் கொடுக்கப் போனார்கள். அங்கேயும் பீஸ் ரேட்டுதான். அச்சிடும் படத்துக்கு உரிமைக் கடிதம் இருக்கிறதா என்று பெரிய பையர் கேட்பார். சிறு அறையில் முன்பணம் வந்ததா என்று மட்டும் கேட்கிறார்கள்.